எளிதில் காணலாம்

தார்த்து நகரில் ஜூலை மாதம்
இரவு பதினொன்றுக்கும் வானம் அணையாது.
மாநாட்டின் கடைசி நாள், முதல் அமர்வு.
முந்தைய இரவு விருந்தின் பீரும் ஹெர்ரிங் மீனும்
பாதிப் பேரின் கண்களில் இன்னும் மிதந்தன.
அறுபது நாற்காலி, இருபத்துமூன்று தலை.

அமர்வுத் தலைவர் நான்.
பெரிய வேலை இல்லை:
பெயர்களைப் பிழையில்லாமல் உச்சரிப்பது,
ஐந்து, ஒன்று, முடிந்தது
என மூன்று அட்டைகளை உரிய நேரத்தில் தூக்குவது.
ஒருவரும் கேள்வி கேட்காவிட்டால்
தலைவரே ஒன்று கேட்க வேண்டும்.
எந்த விதியிலும் இல்லை அது. வழக்கம்.

தாவெத் கிவிமெய் எழுந்து போனார்.
சட்டைப் பொத்தான் ஒன்று தவறான துளையில்.
இந்த வகை நிரல்கள் எல்லாம்
எங்கே தொடங்கினாலும்
என்றாவது நின்றே தீரும்:
அதுதான் தேற்றம். மூன்று வருட உழைப்பு.

பத்தாம் படம்வரை ஒழுங்காகப் போயிற்று.
பதினொன்றில் நின்றுவிட்டார்.
"நேற்றிரவு ஆற்றங்கரையில் உட்கார்ந்து
இதை இன்னொரு தரம் படித்தேன்" என்றார்,
திரையைப் பார்த்து, எங்களைப் பார்க்காமல்.
"ஒவ்வொரு அடியிலும் அளவு குறையும்
என்று எழுதியிருக்கிறேன்.
கூடாது. அவ்வளவுதான் உண்மை.
கூடாதது எல்லாம் குறைய வேண்டும் என்றில்லை."

பிறகு சுண்ணக்கட்டி தேடினார்.
பலகையில் மூன்று வட்டம்.
ஒன்றிலிருந்து இரண்டுக்கு அம்பு,
இரண்டிலிருந்து மூன்றுக்கு,
மூன்றிலிருந்து
இரண்டுக்கே திரும்ப.
"இது நிற்காது."

எறிகருவியின் விசிறி மட்டும் சுற்றியது.
முன்வரிசையில் ஊல்லே ரவுத்செப்
கையிலிருந்த பின்னலை நிறுத்தவில்லை,
கண்ணாடிக்கு மேலாகப் பலகையைப் பார்த்தார்,
அம்பின் வழியே ஒரு சுற்று, இன்னொரு சுற்று,
ஒரு கண்ணி தவறி, அதை அவிழ்த்து, மறுபடி போட்டார்.
என் கையில் 'ஐந்து' என்ற அட்டை.
அவருக்கு இன்னும் பதினொரு நிமிடம் இருந்தது.

நான்காம் துணைத்தேற்றத்தின் நிரூபணம்
அச்சில் இரண்டே சொல்:
எளிதில் காணலாம்.

பிப்ரவரியில், ஹெல்சிங்கியிலிருந்து திரும்பும் கப்பலில்,
அடித்தளத்தை உரசும் பனிக்கட்டியின் சத்தத்தில்,
அந்தக் கட்டுரையைப் பெயரில்லாமல் படித்த
மூவரில் ஒருத்தி நான்.
நள்ளிரவுக் கெடு. பத்தரைக்குத்தான் திறந்தேன்.
முன்னுரையில் ஒரு காற்புள்ளியைத் திருத்தினேன்.
மேற்கோள் பட்டியலில் என் பெயர் விடுபட்டதை
நாசூக்காகச் சுட்டினேன்.
பிறகு எழுதினேன்:
'துணைத்தேற்றம் நான்கு: பிரச்சினை இல்லை.'

எழுதியவர் யாரென்று அன்று எனக்குத் தெரியாது.
படித்தவர் யாரென்று இன்றும் அவருக்குத் தெரியாது.

"கேள்விகள்?" என்றேன்.
பின்வரிசையில் ஒருவர் பேனாவை மூடும் ஓசை.
வழக்கம் என்று ஒன்று இருக்கிறதே,
நானே கேட்டேன்:
"குறையாமல் எத்தனை சுற்று போகலாம் என்பதற்கு
ஒரு வரம்பு வைத்தால்?"

யோசித்தார். நீண்ட நேரம் யோசித்தார்.
"தெரியாது" என்று சொல்லி
அதைத் தன் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.
கைதட்டினார்கள். எவ்வளவு நேரம் என்று
நான் கடிகாரம் பார்க்கவில்லை.

காப்பி வரிசையில் அவருக்குப் பின்னால் நின்றேன்.
இரண்டு பேர் நகரும்வரை பேசாமல் இருந்தேன்.
"நான்காவதில் பிரச்சினை இல்லை
என்று எழுதியது நான்."
அவர் கோப்பையைக் கலக்கிக்கொண்டே இருந்தார்,
சர்க்கரை போடாத காப்பியை.
"எனக்கும் இல்லை," என்றார்,
"நேற்றுவரை."

திறந்த கதவு வழியே அரங்கம் தெரிந்தது.
சிவப்புச் சட்டை போட்ட தொண்டர் மாணவி
பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.
வட்டங்கள் போய்விட்டன.
அவளுக்குக் கை எட்டாத உயரத்தில்
ஓர் அம்பு மட்டும்,
எங்கிருந்தும் இல்லாமல், எதற்கும் இல்லாமல்.
எக்கிப் பார்த்தாள்.
நாற்காலி கொண்டுவரப் போனாள்.